மொதல்லருந்து சாரும் பதினேழாம் ரூமும்

விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவில், ஒரே காரியத்தை அதிகத் தடவை ஆரம்பித்த மனிதர் யார் என்று போட்டி வைத்தால் முதல் பரிசு மொதல்லருந்து சாருக்குத்தான். என்ன, பரிசு வாங்க மேடை ஏறும்போது வலது காலுக்குப் பதில் இடது காலை வைத்துவிட்டாரானால் கொஞ்சம் சிரமம். இறங்கி, வீட்டுக்குப் போய், பல் விளக்குவதிலிருந்து தொடங்கி மறுபடி வருவார். நடுவர்கள் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நிதானமாகக் காத்திருக்கலாம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். விருதுநகரில் ஒரு உரக்கடை மாடியில் நாலு கம்ப்யூட்டர்களையும் ஒரு மின்விசிறியையும் வைத்துக்கொண்டு பாடம் நடத்திக்கொண்டிருந்தார் சார். ஒல்லியான உடம்பு, முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள். அன்றைக்குச் செய்ய வேண்டியதெல்லாம் அதில் எண் போட்டு எழுதப்பட்டிருக்கும். இது எல்லாருக்கும் உள்ள பழக்கம்தானே என்பீர்கள். நமக்கு ஆறாவது வேலை தவறிப்போனால் ஏழாவதுக்குப் போவோம். அவர் ஒன்றாவதுக்குப் போவார்.

"பாதி நடந்த காரியம் இருக்கே, அது நடக்காத காரியத்த விட மோசம் அண்ணாச்சி. நடந்தா முழுசா நடக்கணும். இல்லையா, நடக்கவே இல்லன்னு தொடச்சுட்டு மொதல்லருந்து வரணும்" என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மகானின் அமைதி தெரியும். கேட்கிறவர் முகத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவரின் அமைதி.

சாத்தூரில் அவருக்கு ஒரு சொந்தக்காரர் கல்யாணம். காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சூலக்கரை வரும்போது பையைத் தொட்டுப் பார்த்தால் கைக்குட்டை இல்லை. உடனே எழுந்துவிட்டார்.

"ஒரு கைக்குட்டைக்கா எறங்குறீக? சாத்தூர்ல போயி ஒண்ணு வாங்கிக்கிடலாம்ல?" என்று கண்டக்டர் நியாயமாகத்தான் கேட்டார்.

"கைக்குட்ட நாலாவது. செருப்பு போட்டது ஒம்பதாவது. நாலு நடக்காம ஒம்பது எப்படிங்க செல்லும்?"

கண்டக்டருக்கு அதற்கு மேல் படிப்பு இல்லை. விசில் ஊதிவிட்டார். சார் வீடு திரும்பி, உடுத்தியதெல்லாம் களைந்து, மறுபடி குளித்து, மறுபடி இட்லி தின்று, கைக்குட்டையோடு சாத்தூர் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையும் பெண்ணும் ஊரை விட்டே போயிருந்தார்கள். பந்தல் பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையில் அட்சதையைப் போட்டுவிட்டு வந்தார். அட்சதை போடுவது பதினாலாவதாம். விட முடியாதாம்.

அவர் பெண் பார்க்கப் போன கதை இதைவிட நன்றாக இருக்கும். பெண் காப்பித் தட்டோடு வரும் நேரத்தில் கரண்டு போய்விட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எல்லாரும் பேசி முடித்து, சம்மதம் என்று சொல்லும் கட்டம். நம் ஆள், "பொண்ணு வர்றது பாதில நின்னு போச்சு, நாளைக்கு வாறோம்" என்று எழுந்துவிட்டார். சொன்னபடி மறுநாள் அதே சட்டையில் வந்து வாசலில் நின்றார். "வாங்க வாங்க" என்று முதலில் இருந்து வரவேற்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

"ஏலே, வரவேற்கிறது பெருசில்ல. மறுபடி கேசரி கிண்ட எங்க வீட்டுல ரவை இல்லலே!" என்று பெண்ணின் அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண்தான் சிரித்தது. அந்தம்மாதான் பிறகு இவரைக் கட்டிக்கொண்டு, நாலாவதாகக் கைக்குட்டையை எடுத்துக் கொடுக்கிற பொறுப்பை ஏற்றது. தாலி கட்டும்போது மட்டும் எதுவும் தவறிவிடக் கூடாது என்று இரண்டு வீட்டாரும் வேண்டாத தெய்வமில்லை.

இப்பேர்ப்பட்டவரைத்தான் எங்கள் கம்பெனிக்குக் கூட்டி வந்தார்கள்.

நான் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் ரைட்டர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டது. கையெழுத்து மட்டும் விடவில்லை. எந்த ரூமில் யார் வேலை செய்கிறார்கள் என்று ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. மருந்து புழங்குகிற ரூம் ஒவ்வொன்றிலும் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். மருந்து என்றால் வெடிமருந்து. ஒரு பொறி பட்டால் போகிற உயிர் நாலோடு நிற்கட்டும் என்று போட்ட கணக்கு. ஒவ்வொரு ரூம் சுவரிலும் பெயிண்டில் பெரிதாக '4' என்று எழுதியிருக்கும். பெயிண்டுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார்கள், வருடா வருடம் புதிதாக அடிப்பார்கள்.

சீசன் வந்துவிட்டால் ஆர்டர் குவியும். நாலு பேர் ஆறு பேர் ஆவார்கள். அந்த ஆறையும் நாலாக்குகிற வித்தை என் பேனாவிடம் இருந்தது. மிச்சம் இரண்டு பேரை, மருந்தே இல்லாத, காகிதக் குழாய் சுற்றுகிற செட்டில் இருப்பதாக எழுதிவிடுவேன். காகிதமும் காகிதமும் ஒத்துப்போகும்.

இதில் ஒரு விசேஷம் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரி மாரியம்மாவும் அங்கேதான் வேலை. பதினேழாம் ரூம். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற ரூம். அதில் அவள் ஆறாவது ஆள். தினமும் காலையில் அம்மன் சந்நிதியில் நின்று, "தாயே, அவளை நல்லபடியா வீட்டுக்கு அனுப்பு" என்று கண்ணில் நீர் வர வேண்டுவேன். பிறகு கம்பெனிக்குப் போய், அவள் குழாய் செட்டில் உட்கார்ந்திருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அம்மனுக்கு ஒரு விலாசம், அதிகாரிக்கு ஒரு விலாசம். அம்மன் குழம்பாமல் இருந்ததே அவள் கருணை.

இந்த நேரத்தில் எங்கள் முதலாளி வேறொரு கம்பெனியில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டார். நமக்கும் ஒன்று வேண்டும், தீபாவளிக்கு முன்னால் சோதனைக்கு வருகிற அதிகாரிக்கு ஆள் பட்டியலை அச்சடித்தே நீட்ட வேண்டும் என்று ஆசை. மேனேஜர் போய் மொதல்லருந்து சாரைக் கூட்டி வந்தார்.

சார் முதல் நாள் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. நீளமான நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டே இருந்தார். என்ன என்று கேட்டேன். ஸ்க்ரிப்ட் என்றார். கம்ப்யூட்டருக்கு நாம் கொடுக்கிற உத்தரவுச் சீட்டு. வரிசையாக எழுதி ஒரு தடவை ஓட விட்டால், டேட்டாபேஸ் என்கிற வீட்டை அதுவாகவே கட்டிக்கொள்ளுமாம். அதில் ரூம்களுக்கு ஒரு பட்டியல், ஆட்களுக்கு ஒரு பட்டியல், எந்த ஆள் எந்த ரூம் என்று இரண்டையும் முடிச்சுப் போட ஒரு பட்டியல்.

"மொதல்ல ரூமு. அப்புறந்தான் ஆளு. இல்லாத ரூமுக்குள்ள ஆள உக்கார வைக்க அது ஒத்துக்காது. மாமனாரு இல்லாத வீட்டுக்கு மாப்பிள்ள போக முடியுமா அண்ணாச்சி?"

"மாரியம்மான்னே பதினோரு பேரு இருக்காகளே சார். கூரைக்குண்டு மாரியம்மா, ஆலங்குளம் மாரியம்மா, பல்லு மாரியம்மா, எம் பொண்டாட்டி ரைட்டர் மாரியம்மா... அது எப்படிக் கண்டுபிடிக்கும்?"

"ஆளுக்கு ஒரு நம்பரு. பல்ல வச்செல்லாம் அதுக்கு ஆள் தெரியாது." பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். "ரூமுக்கு எத்தன பேரு?"

நான் என்ன சொல்லுவேன்? "சுவத்துல எழுதியிருக்கே சார். நாலு."

"நாலு" என்று எழுதிக்கொண்டார். அவருக்குச் சுவரில் இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதான். வெள்ளந்தி மனுசன்.

ஸ்க்ரிப்டின் முதல் வரி என்ன என்று நீங்கள் யூகித்திருப்பீர்கள். 'இதே பெயரில் பழசு ஏதும் இருந்தால் மிச்சமில்லாமல் அழி.' அவர் எழுதியது வேறு எப்படி ஆரம்பிக்கும்? இரண்டாவது வரிதான் 'புதுசாகக் கட்டு.'

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு அதை ஓட விடப் போனார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "சார், ராகுகாலம் சார்!"

"கம்ப்யூட்டருக்கு ராகுகாலம் கெடையாது அண்ணாச்சி."

"கரண்டுக்கே இருக்கு சார். கெட்ட நேரம் பாத்துத்தான போகுது."

அவர் கேட்கவில்லை. கறுப்புத் திரையில் வரிகள் ஓடின. முடிந்தது என்றார். போகும்போது நாற்பத்துமூன்று படிகள் எழுதிய தாள் ஒன்றை என்னிடம் கொடுத்தார். ஒன்று, சுவிட்சைப் போடுதல். இரண்டு, கம்ப்யூட்டர் எழுந்திருக்கும் வரை பொறுமையாக இருத்தல். இப்படியே போகும். நான் முதல் பக்கத்தை மனப்பாடம் செய்தேன். பின்பக்கமும் எழுதியிருந்தது எனக்குத் தெரியாது. அவர் தாளின் கீழே 'திருப்புக' என்று போட்டிருந்தாராம். போடட்டும்.

பிறகு மூன்று வாரம் இரண்டு விரலால் தட்டினேன். மாரியம்மா என்று ஆங்கில எழுத்தில் அடிக்க ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் ஆகும். பதினோரு மாரியம்மா. ஆங்கில எம் எழுத்து எங்கே இருக்கிறது என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். பழைய ரிஜிஸ்டரைப் பார்த்துத்தான் அடித்தேன். என் ரிஜிஸ்டரில் எல்லா ரூமிலும் நாலு பேர். கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எவ்வளவு மரியாதையான மிஷின் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. கம்பெனியே கழுவித் துடைத்து, தராசுக்கும் லாரிக்கும் சந்தனம் வைத்து முடித்தாயிற்று. கம்ப்யூட்டருக்கும் நெற்றியில் விபூதிப் பட்டை போட்டேன். பொத்தான்களின் இடுக்கில் குங்குமம் விழுந்தது; பரவாயில்லை, மங்களம். மௌசுக்குச் செவ்வந்திப் பூ. எல்லாம் நிறைவாக இருந்தது. ஆனால் மனசு மட்டும் உறுத்தியது. ராகுகாலத்தில் ஆரம்பித்த காரியமாயிற்றே.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "சார், தோசம் இருக்கு சார். நல்ல நேரத்துல ஒரு தடவ மறுபடி ஆரம்பிச்சு வச்சிருவோம். அந்த ஸ்க்ரிப்ட ஓட விட்டாப் போதும். எப்படின்னு தாள்ல எழுதியிருக்கு."

"நல்ல காரியந்தானய்யா, கேக்கவா வேணும்?" என்றார் மேனேஜர்.

கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழத்தைச் சுற்றி, அம்மன் பெயரைச் சொல்லி மௌசை இரண்டு தட்டுத் தட்டினேன். வரிகள் ஓடின. எங்குமே தடங்கல் இல்லை. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பொரிகடலை கொடுத்தோம். மேனேஜர் வாய் நிறைய பொரியோடு, "எங்க, பதினேழாம் ரூமக் காட்டும் பாப்போம்" என்றார்.

பதினேழாம் ரூம் இருந்தது. ஆள் இல்லை. பதினெட்டில் ஆள் இல்லை. எந்த ரூமிலும் ஆள் இல்லை. பதினோரு மாரியம்மாவில் ஒரு மாரியம்மா கூட இல்லை. மூன்று வாரம் தட்டியதை அம்மன் பெயரைச் சொல்லி ஆறு வினாடியில் சுத்தம் செய்திருந்தேன். நேரம் நல்ல நேரம்தான். அதில் சந்தேகமே இல்லை.

திங்கட்கிழமை அதிகாரி வருகிறார். அன்று புதன்கிழமை.

மேனேஜர் பொரியை விழுங்க மறந்து நின்றார். நான் சாருக்கு போன் போட்டேன்.

"பதறாதீக. எந்த ஸ்டெப்புல நிக்கிறீக?"

"கற்பூரம் காட்டுற ஸ்டெப்புல சார்."

மறுபக்கம் காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது. தன் தாளில் அந்தப் படியைத் தேடியிருப்பார் போல. மத்தியானமே வந்துவிட்டார். கடித்துக் குதறப் போகிறார் என்று மேனேஜரும் நானும் சுவரோடு ஒட்டி நின்றோம். அவரோ அந்தக் காலித் திரையைப் பிறந்த குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எம்புட்டு சுத்தமா இருக்கு பாத்தீகளா!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "சார், நீங்க சாயங்காலம் சாயங்காலம் சி.டி.யில காப்பி எடுக்கச் சொன்னீகள்ல? ஒரு நாள் தவறல சார்." ஓடிப்போய் சாமி படத்தட்டில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த சி.டி.களைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எல்லாம் வெறும் தட்டு.

"இதுல எப்படி அண்ணாச்சி காப்பி எடுத்தீக?"

"உள்ள வச்சேன், கண்ண மூடிக் கும்பிட்டேன், வெளிய எடுத்தேன்."

"பட்டன எதையும் அமுக்கலையா? தாளோட பின்பக்கத்துல போட்டிருந்தேனே?"

"உள்ள போயிட்டு வந்தா ஒட்டிக்கிடும்னு நெனச்சேன் சார்."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் அவரிடம் பிடிக்காததும் பிடித்ததும். முழுக்கையை ஒரு மடிப்பு மடித்துக்கொண்டார். "சரி. மொதல்லருந்து."

நான் பழைய ரிஜிஸ்டரை எடுத்தேன். அதன் மேல் கையை வைத்து மூடிவிட்டார். "இது மொதல் இல்ல. இது நீங்க எழுதுனது. மொதல்ங்கிறது ஆளு. ஆளப் போயிப் பாப்போம்."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் சார் செருப்பைக் கழற்றிவிட்டு, செல்போனைக் கேட்டில் கொடுத்துவிட்டு உள்ளே நடந்துவிட்டார். அன்று பூஜை, மறுநாள் விஜயதசமி லீவு; ரூம்களில் ஆள் இல்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் ரூம் ரூமாகப் போனோம். மருந்து ரூமுக்குள் நுழையும் முன் வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் மின்சாரம் ஏதும் தங்கியிருந்தால் பூமிக்குப் போய்விடும். சாருக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு வாசலில் தகட்டைத் தொடும் முன் தும்மல் வந்துவிட்டது என்று கேட் வரை திரும்பிப் போய் மறுபடி வந்தார்.

ரிஜிஸ்டரில் ஒன்பதாம் ரூமில் உட்கார்ந்திருந்த காளியம்மாள் திருப்பூர் போய் இரண்டு வருடமாயிற்றாம். நான் அவளை விடாமல் வேலை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பல்லு மாரியம்மாவின் பெயர் மாரியம்மாவே இல்லை, ஜெபமாலை. பக்கத்தில் உட்கார்ந்தவள் பெயரை நான் இரண்டு தடவை எழுதிவிட்டேனாம். "அப்பவே சொல்லணும்னு நெனச்சேன், நீங்க அம்புட்டு வேகமா எழுதிட்டுப் போயிட்டீக" என்றாள்.

பதினேழாம் ரூம் வந்தது. ஆறு பேர் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நோட்டோடு நின்றேன். சார் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஆறாவதாக என் வீட்டுக்காரி. முகமெல்லாம் அலுமினியப் பொடி. புஸ்வாணம் எரிவதற்கு முன்பே மின்னிக்கொண்டிருந்தாள்.

"பேரு?"

"மாரீஸ்வரி."

நான் நிமிர்ந்தேன். "ஏ, மாரியம்மான்னு சொல்லு."

"எங்கய்யா பள்ளிக்கூடத்துல குடுத்த பேரு மாரீஸ்வரி. ஒங்க ஆத்தா கூப்புட லேசா இருக்குன்னு மாரியம்மாவாக்குனாக. பதினாறு வருசமா நீங்க எப்பக் கேட்டீக?"

மற்ற ஐந்து பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கு மருந்து பற்றிக்கொள்ளுமோ என்று பயமாகிவிட்டது.

"எந்த ரூமு?" என்றார் சார், தாளைப் பார்த்து. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் அவருக்கு.

"இதான். பதினேழு. வேற எங்கன?" என்றாள் அவள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆபீஸில் உட்கார்ந்து அடித்தேன். பதினேழாம் ரூமில் நாலு பேர் ஏறினார்கள். ஐந்தாவது ஆளை அடித்ததும் கம்ப்யூட்டர் கணீரென்று ஒரு சத்தம் போட்டுச் சிவப்பு எழுத்தில் மறுத்துவிட்டது. மறுபடி அடித்தேன். மறுபடி சத்தம். மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா அது கத்துது?"

"அஞ்சாவது ஆளு ஏற மாட்டேங்குது சார்" என்றார் சார். "ரூமுக்கு நாலுன்னு உத்தரவு போட்டிருக்கு."

"யாரு போட்டா?"

"ஒங்க சுவருதான் சார்."

மேனேஜர் முகம் மாறிவிட்டது. "அந்த நாலுங்கிற வரிய எடுத்து விடும்."

"எடுக்க முடியாது சார். அது அஸ்திவாரம். எடுத்தா அம்புட்டும் சரிஞ்சு போயிரும். மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கணும். நாளைக்குள்ள முடியாது."

"அப்பச் சரி. மிச்ச ரெண்டு பேரையும் குழாய் செட்டுன்னு அடிங்க. எப்பவும் அப்படித்தான்."

சார் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்கதான அடிக்கிறீக. அவுக எங்கன இருக்காகன்னு பாத்தீகள்ல. அடிங்க."

என் இரண்டு விரலும் பொத்தான்களுக்கு மேலே நின்றன. குங்குமம் இன்னும் இடுக்கில் இருந்தது. பேனாவாக இருந்தால் ஓடியிருக்கும். அதற்குப் பழக்கம் இருந்தது. இது ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்க வேண்டிய பொய். எம் எங்கே, ஏ எங்கே என்று தேடுவதற்குள் அவள் முகம் வந்துவிடுகிறது.

"விரலு ஓட மாட்டேங்குது சார்" என்றேன் மேனேஜரிடம். "அந்த ரெண்டு பேருல ஒண்ணு எம் பொண்டாட்டி."

"இத்தன வருசம் ஓடுச்சேய்யா?"

"ஓடுச்சு சார்."

"இப்ப மட்டும் என்ன வந்துச்சு?"

"எம் முன்னாலயே ரூமு நம்பரச் சொல்லிட்டா சார். அவ சொல்லி நான் எழுதிட்டேன். இனிமே மாத்தி அடிச்சா, அந்த ரூமுக்கு ஏதும் ஆச்சுன்னா... வேலைய விட்டு நிப்பாட்டுறதுன்னா நிப்பாட்டிருங்க சார்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். சுவரில் இருந்த காலண்டரில் திங்கட்கிழமையைப் பார்த்தார். அறைக்குள் இப்படியும் அப்படியும் நாலு நடை நடந்தார். பிறகு, உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை தனக்கு மட்டும் தோன்றியது போல விரலை உயர்த்தினார்.

"நான் ஒண்ணு சொல்றேன். நாளையிலருந்து அந்த ரெண்டு பேரையும் நெசமாவே குழாய் செட்டுக்கு அனுப்பிட்டா?"

"அது செல்லும் சார்" என்றார் சார், மிகுந்த மரியாதையோடு.

"அப்ப அப்படியே அடிங்க. பொய்யும் ஆகாது, ஒங்க மிஷினும் கத்தாது. இதுக்குப் போயி ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு!"

இப்படியாக, சுவரில் பல வருடமாக எழுதியிருந்த சட்டத்தை எங்கள் மேனேஜர் அன்று சொந்தமாகக் கண்டுபிடித்தார். மற்ற ரூம்களுக்கும் அதே வழி. மிச்சத்தையெல்லாம் சார் பத்து விரலால் தட்டியதில் அன்று சாயங்காலத்துக்குள் பட்டியல் அச்சாகிவிட்டது.

திங்கட்கிழமை வந்த அதிகாரி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ரூம் ரூமாகப் போனார். பதினேழில் நாலு பேரை எண்ணினார். பெயர் கேட்டார். தாளைப் பார்த்தார். மறுபடி எண்ணினார். அவர் வேலையில் தாளும் ஆளும் ஒத்துப்போனதை முதல் தடவை பார்த்திருப்பார் போல. முகத்தில் சந்தேகம் தட்டிவிட்டது. மிச்சம் பேரை எங்கே ஒளித்து வைத்திருக்கிறோம் என்று கக்கூஸ் வரைக்கும் போய்த் தேடினார். ஒன்றும் அகப்படாமல் மிகுந்த மனக்கசப்போடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "அங்கன பேச்சுத் துணைக்கு அஞ்சு பேரு இருந்தாளுக. இங்கன காகிதத்தோடயா பேச?" என்று முறைத்தாள். தினமும் அவள் நல்லபடியாக வீட்டுக்கு வந்து என்னைத் திட்டினாள். அந்த வருடம் எல்லா ரூமில் இருந்தும் எல்லாரும் நல்லபடியாக வீட்டுக்குப் போய் யார் யாரையோ திட்டினார்கள்.

சாரை மேனேஜர் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. "அந்த ஆளு கட்டுன எதுலயும் ஒரு வளைவு நெளிவு கெடையாதுய்யா" என்பார், கொத்தனாரைப் பற்றிக் குறை சொல்வது போல. உரக்கடை மாடியும் ஒரு நாள் பூட்டிக் கிடந்தது. மதுரைப் பக்கம் போய்விட்டார் என்றார்கள்.

பல வருடம் கழித்து, கம்ப்யூட்டர் படித்த என் மகளிடம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா, அந்த நாலுங்கிற வரிய எடுத்தா ஒண்ணும் அழியாதுப்பா. ஒரே ஒரு வரி அடிச்சாப் போதும், அது போயிரும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கும்."

"அவருக்கு அது தெரிஞ்சிருக்காது ஆத்தா."

"ஸ்க்ரிப்ட் எழுதுனவருக்கா தெரியாது?" என்றாள் அவள்.

ஒரு கைக்குட்டைக்காகக் கல்யாணத்தைக் கோட்டை விட்டவர். பெண் பார்க்கிற இடத்தில் கூட ஒரு படியைத் தாண்டாதவர். அந்த ஞாயிற்றுக்கிழமை, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல், மேனேஜரின் கண்ணைப் பார்த்து, தாளில் இல்லாத ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறார். அவருக்கு வந்த ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை தோறும் அம்மனுக்கு அர்ச்சனைத் தட்டு கொடுக்கிறேன். மாரீஸ்வரி, என் பிள்ளைகள் என்று பெயரும் நட்சத்திரமும் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் நின்றுவிடுவேன். கம்பெனியில் ஒவ்வொருவரிடமும் போய்ப் பெயர் கேட்டவரின் பெயரை நாங்கள் யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

"இன்னொரு பேரு சொல்லுங்க" என்று பூசாரி தட்டோடு காத்திருப்பார்.

"அது சாமி பேருக்கே பண்ணிருங்க" என்பேன்.